180 பேர் வகுப்பு: கேட்டீர்கள், சொல்கிறேன்

பொறியியல் கல்லூரியில் 29 வருடம் முதலாமாண்டு இயற்பியல் எடுத்தவன் நான். மூன்று செக்‌ஷனைச் சேர்த்து ஒரே அரங்கில் உட்கார வைத்துவிடுவார்கள், 180 பேர் வரை. பெரிய வகுப்பில் நடத்துவது, தேர்வு வைப்பது, திருத்துவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கோவை, உதவிப் பேராசிரியை: சார், "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் தலையாட்டுகிறது. யூனிட் டெஸ்டில் பாதிப் பேர் வெள்ளைத்தாள். எங்கே தப்பு?

"புரிஞ்சுதா?" என்பதைக் கேள்வி என்றே அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை மேடம். சார் அடுத்த பக்கம் போகப் போகிறார் என்பதற்கான மணி அது. 180 பேருக்கு நடுவில் எவன் எழுந்து "புரியலை" என்பான்?

நான் செய்ததைச் சொல்கிறேன். நியூட்டனின் மூன்றாம் விதி எல்லோருக்கும் பள்ளியிலேயே மனப்பாடம். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போர்டில் இதை எழுதினேன்: "நின்றுகொண்டிருக்கும் ஆட்டோ மீது லாரி மோதுகிறது. மோதும் கணத்தில் விசை எதன் மீது அதிகம்? அ) ஆட்டோ மீது ஆ) லாரி மீது இ) இரண்டின் மீதும் சமம்." பேசக் கூடாது, ஒரு நிமிடம் யோசிக்கவும், பிறகு விடையின் எழுத்துள்ள அட்டையைத் தூக்கவும். முக்கால்வாசி அரங்கு 'அ'. விதியை வரி பிசகாமல் ஒப்பிக்கிற பையன்கள்தான்!

விடையை நான் சொல்லவில்லை. "பக்கத்தில் வேறு விடை சொன்னவரைப் பிடித்து ஒத்துக்கொள்ள வையுங்கள், மூன்று நிமிடம்" என்றேன். அரங்கு சந்தைக்கடை ஆனது. நடுவில் நடந்துபோனபோது ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது: "டேமேஜ் ஆட்டோவுக்குத்தான்டி அதிகம். அதுக்காக ஃபோர்ஸ் அதிகம்னு அர்த்தமா? வெயிட் கம்மி, அதான் தூக்கி அடிக்குது." இதைவிட நன்றாக நான் விளக்கியிருக்க மாட்டேன். மறுபடி அட்டை தூக்கச் சொன்னபோது 'இ' பெரும்பான்மை. நான் பேசியது அதற்குப் பிறகுதான், ஐந்தே நிமிடம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் எடுக்கும் எரிக் மஸூர் 1991 முதல் இப்படி நடத்தியவர். அவருடைய மாணவர்களும் கடினமான கணக்குகளைப் போட்டுத் தள்ளியவர்கள்தான். அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் ஒரு தாளைக் கொடுத்தபோது ஒரு மாணவி, "நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக யோசிக்கிறபடி எழுதவா?" என்று கேட்டாராம். மஸூர் ஒரு கணக்கும் வைத்திருந்தார். முதல் சுற்றில் சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும். 70-ஐத் தாண்டினால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நடுவில் இருந்தால் பேச விட வேண்டும். ஆக, நல்ல கேள்வி என்பது பாதி வகுப்பு தப்பாகச் சொல்லும் கேள்வி.

திருநெல்வேலி: இதற்கெல்லாம் நேரம் ஏது சார்? சிலபஸ் முடியாதே. ஹெச்ஓடிக்கு (துறைத் தலைவருக்கு) யார் பதில் சொல்வது?

ஒரு கேள்விச் சுற்றுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். 50 நிமிட வகுப்பில் இரண்டு சுற்றுக்கு மேல் நான் வைத்ததில்லை. அந்தக் கால்மணி நேரத்தை எங்கே பிடிப்பது என்றால், போர்டில் எழுதி அவர்கள் காப்பி எடுக்கும் நேரத்தில்தான். பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகத்துக்கான சூத்திரத்தை, சீரான வளைவு முறையில் படிப்படியாக வருவித்து எழுதி முடிக்க எனக்கு 20 நிமிடம் ஆகும். புத்தகத்தில் வரிக்கு வரி இருப்பதை நான் எழுத, என்னைப் பார்த்து 180 பேர் எழுத... நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு ஜெராக்ஸ் மெஷின். அப்புறம் அதை ஒரே பக்கத்தில் அச்சடித்து, நடுவில் மூன்று வரியை மட்டும் காலியாக விட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். அந்த மூன்று வரியை நிரப்ப எட்டு நிமிடம். மீதி நேரம் நம் கையில்.

ஹெச்ஓடியிடம் காட்ட, நடத்திய பாடத்தைக் குறிக்கும் லாக் புக் இருக்கிறதே. யூனிட் முடிந்தது என்று எழுதுங்கள், உண்மையில் முடிந்துதான் இருக்கும்.

சென்னை: பட்டன் அழுத்தி விடை சொல்லும் கிளிக்கர், ஆப் எது நல்லது? வகுப்பில் செல்போன் தடை.

அட்டை போதும். ஒரு ஏ4 தாளை நான்காக மடித்து, கால்பக்கத்துக்கு ஓர் எழுத்து. நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். தலைக்கு மேல் தூக்கினால் பின்பெஞ்சு முன்பெஞ்சைப் பார்த்து மாற்றிக்கொள்ளும். நான்கு எழுத்துக்கு நான்கு நிறத் தாள் என்றால் ஒரு பார்வையில் அரங்கின் நிறத்தைப் பார்த்தே முடிவெடுக்கலாம், எண்ண வேண்டாம். போன் அனுமதி இருந்தால் எந்த ஆப் ஆனாலும் சரி. கேள்வி சோப்ளாங்கியாக இருந்தால் எந்த ஆப்பும் காப்பாற்றாது.

சேலம்: நீங்கள் சொல்வது போலச் செய்து பார்த்தேன். "மேடம் பாடமே நடத்துவதில்லை, எங்களையே பேச வைக்கிறார்" என்று ஃபீட்பேக்கில் எழுதிவிட்டார்கள்.

எனக்கும் எழுதினார்கள். முதல் முறை இரண்டு நாள் தூக்கமில்லை.

ஹார்வர்டிலேயே இதைச் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். ஒரே பாடத்தை ஒரு குழுவுக்கு மெருகான சொற்பொழிவாகவும் இன்னொரு குழுவுக்குக் கணக்குகளைத் தாங்களே போட்டுப் பார்க்கும் வகுப்பாகவும் நடத்தினார்கள். போட்டுப் பார்த்தவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். நல்ல பேச்சைக் கேட்கும்போது எல்லாம் விளங்கியது போல இருக்கும். தானே போடும்போது திணறல்தான் தெரியும்.

அதனால் செமஸ்டர் முதல் வாரமே ஏன் இப்படி நடத்துகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முதல் யூனிட் டெஸ்ட் மார்க் வந்த பிறகு இன்னொரு தடவை சொல்லுங்கள். பேச விட்டுவிட்டு முடிச்சுப் போடாமல் வெளியே போகவும் கூடாது. நான் ஆரம்பத்தில் செய்த தப்பு அதுதான். கடைசி ஐந்து நிமிடம் ஆசிரியருடையது. விடை இது, காரணம் இது, தப்பான விடை ஏன் தப்பு என்று சொல்லி, எழுதிக்கொள்ள விட வேண்டும்.

இதில் ஒரு நேர்மையான குறிப்பும் உண்டு. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை 2014-ல் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் சொற்பொழிவு வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்களை ஈடுபடுத்தும் வகுப்புகளில் 21.8. பலன் எல்லா அளவு வகுப்பிலும் தெரிந்தது, ஆனால் 50 பேருக்கு உட்பட்ட வகுப்பில்தான் அதிகம். 180 பேரை ஒன்றாக அடைப்பதற்கு யாரும் இதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

யாழ்ப்பாணம், விரிவுரையாளர்: சேர், முதலாம் வருடத்தில் 200 விடைத்தாள்களை நானும் இன்னும் இரண்டு பேரும் திருத்துகிறோம். ஆளுக்கொரு கட்டு. ஒரே விடைக்கு மூன்று விதமான புள்ளி விழுகிறது. என்ன செய்யலாம்?

கட்டைப் பிரிக்காதீர்கள், கேள்வியைப் பிரியுங்கள். முதல் கேள்வி 200 தாளிலும் உங்களுடையது, இரண்டாவது அடுத்தவருடையது. அப்போது ஒரு மாணவரின் புள்ளி எந்தக் கட்டில் அவர் தாள் விழுந்தது என்பதைப் பொறுத்து இருக்காது. வேகமும் கூடும், ஏனென்றால் ஒரே விடைக்குறிப்பு தலையில் நிற்கும்.

தொடங்கும் முன் 15 தாளைப் புள்ளி போடாமல் சும்மா வாசியுங்கள். நாம் எதிர்பார்க்காத, ஆனால் சரியான வழி ஒன்றிரண்டு அதில் கட்டாயம் இருக்கும். விடைக்குறிப்பை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் தாள்களின் வரிசையை மாற்றுங்கள். இரவு பதினோரு மணிக்குத் திருத்தப்படும் தாள் எப்போதும் அதே ஆளுடையதாக இருக்கக் கூடாது.

கருத்து எழுதுவதற்கும் வழி உண்டு. தாளுக்கு 12 நிமிடம் என்றாலே 200 தாளுக்கு 40 மணி நேரம். அதில் கருத்து வேறு எழுத முடியாது. நான் ஒரு தேர்வில் அடிக்கடி வரும் எட்டுத் தவறுகளை 1 முதல் 8 வரை எண் போட்டு ஒரு பக்கத்தில் விளக்கிவிடுவேன். "3: அலகை மாற்ற மறந்தது. 5: உராய்வு விசையின் திசை தலைகீழ்." தாளின் ஓரத்தில் எண் மட்டும். மாணவர் பக்கத்தை எடுத்துப் பார்த்துக்கொள்வார். அந்தப் பக்கத்தை முதலில் கொடுத்துவிட்டு, புள்ளியை இரண்டு நாள் கழித்து வெளியிடுவேன். ரூத் பட்லர் என்ற உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 1988-ல் வெளியிட்ட ஆய்வில், கருத்து மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், மதிப்பெண்ணும் கருத்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மார்க்கைப் பார்த்த கண் வேறு எதையும் பார்க்காது என்பது நமக்கும் தெரியும்தானே.

மதுரை: திருத்த முடியாமல் கொள்குறி வினாவுக்கு (கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்வது) மாறிவிட்டோம். அது வெறும் நினைவாற்றல் சோதனை என்கிறார்கள்.

வினாவைப் பொறுத்தது. "ஓம் விதியைக் கண்டுபிடித்தவர் யார்" என்று கேட்டால் நினைவாற்றல்தான். தப்பான விடைகளை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உட்கார்ந்து யோசித்தால் அசட்டு விடைகள்தான் வரும். போன வருடத் தாள்களைப் புரட்டுங்கள், மாணவர்கள் உண்மையாகவே எழுதிய தப்புகள் கிடைக்கும். நாலாவது விடை கிடைக்கவில்லையா, விட்டுவிடுங்கள். 80 வருட ஆய்வுகளைத் தொகுத்து 2005-ல் வந்த கட்டுரை மூன்று விடைகளே போதும் என்கிறது.

தேர்வு முடிந்ததும் ஒரு அரைமணி நேர வேலை. மொத்த மார்க்கில் மேலே உள்ள 27 சதவீதம், கீழே உள்ள 27 சதவீதம் பேரைப் பிரியுங்கள். 180-க்கு 49 பேர் வீதம். ஒரு வினாவை மேல் குழுவில் 40 பேர், கீழ்க்குழுவில் 18 பேர் சரியாகப் போட்டிருந்தால் வித்தியாசம் 22. அதை 49-ஆல் வகுத்தால் 0.45, நல்ல வினா. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் அந்த வினா யாரையும் பிரித்துக் காட்டவில்லை. மைனஸில் வந்தால் உடனே விடைக்குறிப்பைப் பாருங்கள். ஒரு முறை எனக்கு மேல் குழுவில் 9, கீழ்க்குழுவில் 14 வந்தது. நன்றாகப் படித்தவர்கள் மோசம், படிக்காதவர்கள் தேவலாம்! பார்த்தால் கொசைன் வர வேண்டிய இடத்தில் நான் சைன் போட்டு விடைக்குறிப்பு கொடுத்திருந்தேன். எல்லோருக்கும் மறுபடி மார்க் போட்டு, வகுப்பில் மன்னிப்பும் கேட்டேன்.

பெயர் வேண்டாம்: அசைன்மென்ட் எல்லாம் சாட்ஜிபிடி எழுதியதுதான். கண்டுபிடிக்க ஏதாவது மென்பொருள்?

நம்பாதீர்கள். தானே எழுதிய பிள்ளையையும் அது பிடித்துக் கொடுக்கும். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிய காலத்திலும் இதே பிரச்சினைதான், இப்போது சீனியர் 24 மணி நேரமும் விழித்திருக்கிறார்.

அசைன்மென்ட்டுக்கு மார்க் போடுவதை நிறுத்தினேன். கொண்டுவரும் நாளில் அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டே 15 நிமிடம் ஒரு கேள்விக்கு எழுத வேண்டும்: "உங்கள் மூன்றாவது கணக்கில் சாய்தளத்தின் கோணத்தை இரண்டு மடங்காக்கினால் எந்த வரிகள் மாறும், எவை மாறாது?" தானே போட்டவனுக்கும் வாங்கிப் புரிந்துகொண்டவனுக்கும் சுலபம். அப்படியே கொண்டுவந்தவன் எந்த வரி எதற்கென்று தெரியாமல் விழிப்பான். மார்க் அந்த 15 நிமிடத்துக்கு மட்டும்.

தஞ்சாவூர்: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.

ஆங்கிலத்தில் திறக்க மாட்டார்கள். பக்கத்துப் பிள்ளையிடம் தமிழில் பேசலாம் என்று சொல்லிப் பாருங்கள். மேலே ஆட்டோ பற்றிப் பேசிய பெண் தமிழ்வழிதான். பேச்சு தமிழில், எழுத்து ஆங்கிலத்தில் என்று வைத்தேன். ஒவ்வொரு யூனிட்டுக்கும் இருபது சொற்களை இரண்டு மொழியிலும் ஒரு தாளில் கொடுத்தேன்: முடுக்கம், உந்தம், திருப்புவிசை. பள்ளியில் படித்த சொல்லைப் பார்த்ததும் "அட, இதுவா" என்று முகம் மாறும்.

கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று பள்ளி வகுப்புகளைக் கவனித்த மேரி பட் ரோ 1970-களில் எழுதினார். மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனதில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு மூன்று போதாது. நான் பத்து வரை எண்ணுவேன். அரங்கில் அந்தப் பத்து நொடி சங்கடமாகத்தான் இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள்.

ஈரோடு: கடைசி பெஞ்ச்?

மைக்கை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்று நடத்துங்கள். அன்றைக்கு அதுதான் முதல் பெஞ்ச்.

இரண்டாமாண்டு மாணவி: ஐயா, எங்கள் சார் ஸ்லைடைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் 120 பேர். அவரை மாற்ற முடியாது. நான் என்ன செய்வது?

வகுப்பு முடிந்ததும் நோட்டை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் நினைவில் இருப்பதை எழுதும்மா. பத்து நிமிடம். அப்புறம் திறந்து விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர். ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, வாசிப்பதற்குப் பதில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். செமஸ்டர் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே. நாலு தோழிகள் சேர்ந்தால் அந்த ஸ்லைடிலிருந்தே ஆளுக்கு இரண்டு கேள்வி தயாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

விழுப்புரம்: 180 பேரின் பெயரும் உங்களுக்குத் தெரியுமா சார்?

தெரியாது. அறுபது எழுபது தெரியும், அதிலும் பாதி சேட்டைக்காரர்கள். அட்டையின் பின்பக்கத்தில் அவரவர் பெயரைப் பெரிதாக எழுதச் சொல்லியிருந்தேன். யாராவது பேச எழுந்தால் அட்டையைத் திருப்பிக் காட்ட வேண்டும். ஒரு பையன் வருடம் முழுக்க நண்பனின் பெயரைக் காட்டி என்னை ஏமாற்றியிருக்கிறான், லேப் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தான் தெரிந்தது. அவன் எல்லாக் கேள்விக்கும் நன்றாகப் பதில் சொன்னதால் நண்பனைப் பற்றி நான் மிக உயர்வாக நினைத்துக்கொண்டிருந்தேன்.