சாயமே இல்லாமல் நிறம் மாறுமா?

கேள்வி: காற்றில் ரசாயன ஆவி கலந்தால் நிறம் மாறிக் காட்டும் தகடுகள் இருக்கின்றன, அவற்றில் சாயமே கிடையாது என்று படித்தேன். அது எப்படி? நான் பெயின்டர். வேலை செய்யும் அறையில் ஒன்றை மாட்டிவைக்கலாமா?

பதில்: தண்ணீரில் சிந்திய எண்ணெயில் வானவில் தெரிகிறதே, அதில் யார் சாயம் கலந்தார்கள்? படலத்தின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றுசேரும்போது சில நிறங்கள் வலுக்கும், சில அடங்கிப்போகும். படலத்தின் தடிமனையும், ஒளிவிலகல் எண்ணையும் (ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதன் அளவு) பொறுத்த விஷயம் அது.

நீங்கள் படித்தது நுண்துளை சிலிக்கானாக இருக்கலாம். சிலிக்கானை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் வைத்து மின்சாரம் செலுத்தினால், நானோமீட்டர் அளவில் துளைகள் விழும். துளை விழுந்த அந்த அடுக்கும் எண்ணெய்ப் படலம் போலவே நிறம் காட்டும். துளைக்குள் இருப்பது வெறும் காற்று, ஒளிவிலகல் எண் 1. தின்னரில் இருக்கும் டொலுயீனுக்கோ சுமார் 1.5. வெளியே ஆவியாகவே திரிகிற டொலுயீன், இவ்வளவு குறுகிய துளைக்குள் நுழைந்தால் திரவமாகப் படிந்துவிடும். உடனே அடுக்கின் ஒளிவிலகல் எண் கூடி, தகட்டின் நிறம் சிவப்புப் பக்கமாக நகரும். பச்சை ஆரஞ்சாகும். ஆவி போய்விட்டால் மறுபடி பச்சை. மார்ஃபோ பட்டாம்பூச்சியின் நீல இறகிலும் இதே சங்கதிதான். அதன் செதில்கள் வெவ்வேறு ஆவிக்கு வெவ்வேறு விதமாக நிறம் காட்டுவதை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டார்கள்.

சரி, உங்கள் அறைக்கு வருவோம். மாட்டவேண்டாம் என்பேன். தின்னர் டப்பாவைத் திறந்தால் ஆவி வரும் என்பது உங்களுக்கே தெரியும், அதைச் சொல்ல ஒரு தகடு எதற்கு? வந்தது எந்த ஆவி என்று ஒற்றைத் தகடு சொல்லாது. மழைநாள் ஈரத்துக்கும் கொஞ்சம் நிறம் மாறும். கார்பன் மோனாக்சைடு போலத் துளைக்குள் படியாத வாயு வந்தாலோ, ஒன்றுமே நடக்காததுபோல் பச்சையாகவே நிற்கும். அதுதான் எனக்குப் பயம்.

இதற்குச் சரியான இடம் முகமூடியின் கரி வடிகட்டி. கரி ஆவியை உறிஞ்சிக்கொண்டே வரும், ஒருநாள் நிரம்பிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. வாசனை வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள், மூக்கை அவ்வளவு நம்பக்கூடாது. உதாரணத்துக்கு, கல்லூரி ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தயாரிக்கும்போது லெட் அசிடேட் தடவிய தாளைக் காட்டுவோம், கறுத்துவிடும். அழுகிய முட்டை நாற்றம்தான், ஆனால் வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. தாள் மட்டும் கறுக்கும். அதனால்தான் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் செய்லர் குழுவினர் ஒளியிழையின் (ஒளியைக் கடத்தும் மெல்லிய இழை) நுனியில் நுண்துளை சிலிக்கானை வைத்துக் கரிக்குள்ளேயே புதைத்துப் பார்த்தார்கள். ஆவி கரியைத் தாண்டுவதற்குள் நிறம் மாறிவிட வேண்டும் என்பது கணக்கு.

அப்புறம் ஒன்று. துணி முகமூடி, தூசி முகமூடி எல்லாம் தின்னர் ஆவியைத் தடுக்காது. தின்னர் ஆவி போன்ற கரிம ஆவிக்கென்று (ஆர்கானிக் வேப்பர்) விற்கும் கரி வடிகட்டி போட்ட முகமூடி வாங்குங்கள், தயாரிப்பாளர் சொல்லும் கெடுவில் வடிகட்டியை மாற்றுங்கள், ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.