என் 14 வயது மகன் ஆன்லைன் விளையாட்டில் அறிமுகமான ஒரு ‘அண்ணா’வோடு ஆறு மாதமாகப் பழகுகிறான். தடுப்பதா, விடுவதா?

கேள்வி கேட்டவர் கூடுதலாக இரண்டு விவரங்களைக் குறிப்பிட்டிருக்கிறார். அந்த ‘அண்ணா’ தனக்கு 19 வயது என்று சொல்லிக்கொள்கிறார் என்பது ஒன்று. அரையாண்டு விடுமுறையில் தன் ஊருக்கு வருமாறு பையனை அழைத்திருக்கிறார் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பையன் போகக் கூடாது. அதில் விவாதத்துக்கு இடமில்லை. மற்றபடி, ‘தடுப்பதா, விடுவதா’ என்று இரண்டில் ஒன்றைத் தேடித்தான் ஓராண்டுக்கு முன் நானும் தவறு செய்தேன். ஆகவே என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். என் மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. நான்கு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றில் அவன் ஒரு கில்டில் உறுப்பினராக இருந்தான். கில்டு என்பது நம் காலத்துத் தெரு கிரிக்கெட் அணி போன்றது. ஒரு தலைவன், ஒரு பெயர், வார இறுதியில் போட்டி, வராதவன் மேல் கோபம், எல்லாம் உண்டு. அதில் மூத்தவராக இருந்த ஒருவரை எல்லாச் சிறுவர்களும் அண்ணா என்றே அழைத்தார்கள். கோயம்புத்தூரில் பொறியியல் படிப்பதாக அவர் சொல்லியிருந்தார். நன்றாக ஆடுவார், தோற்றால் திட்டமாட்டார், என் மகன் சுடப்பட்டு விழுந்தால் எதிரிகளுக்கு நடுவே ஓடிவந்து எழுப்பிவிடுவார். (அந்த ஆண்டு எங்கள் வீட்டில் அவனிடம் அவ்வளவு பொறுமை காட்டியவர்கள் யாரும் இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. கணக்கு வாத்தியார் மகன் கணக்கில் 41 வாங்கிய ஆண்டு அது.)

அதன்பின் நடந்தவை, தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியவை. பிறந்தநாளுக்கு என் மகனின் ஐடிக்குச் சில நூறு ரூபாய்க்கு டாப்-அப் செய்தார். சில வாரங்களில் மற்ற இருவரையும் விட்டுவிட்டு இவர்கள் இருவர் மட்டும் மைக்கில் பேசிக்கொண்டே ஆடத் தொடங்கினார்கள். விளையாட்டுக்குள் குரல் விட்டுவிட்டு வருகிறது என்ற காரணத்தைச் சொல்லிப் பேச்சை டெலிகிராமுக்கு மாற்றினார். பள்ளிச் சீருடையில் ஒரு படம் கேட்டார், இவன் அனுப்பினான். ரேங்க் ஏற்றித் தருவதாகச் சொல்லி விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டார். கடைசியில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, கணக்கு திரும்ப வேண்டுமானால் இரவு எல்லோரும் தூங்கியபின் வீடியோ அழைப்பில் வர வேண்டும், வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்றார்.

மகன் தன் தங்கையிடம் சொல்லி அழுதிருக்கிறான். அவள் அம்மாவிடம் சொல்ல, அம்மா என்னிடம் சொன்னாள். நான் முதலில் சொன்ன வாக்கியம், “ஒரு கேம் போனதுக்கா இந்த அழுகை?” என்பது. அடுத்து செய்தது, போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டியது. பத்து நாள் நிம்மதியாக இருந்தோம். அந்தப் பத்து நாளும் அவன் டியூஷன் நண்பனின் போனிலிருந்து அந்த ஆளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதில் நான் புரிந்துகொள்ளாமல் போன ஒன்றைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். மிரட்டல் என்றதும் பெற்றோராகிய நாம் அந்தரங்கப் படங்களையே நினைக்கிறோம். பிள்ளையை அதற்கு வெகு முன்பே, அவனுக்கு மதிப்புள்ள வேறொன்றை வைத்துக் கட்டிப்போட்டுவிட முடியும். எனக்கு அது ஒரு கேம். அவனுக்கு அது இரண்டாண்டு உழைப்பு, நண்பர்கள் பட்டியல், அவர்கள் மத்தியில் அவனுக்கிருந்த பெயர். அதை மீட்டுத் தரக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான் என்று அவன் நம்பினான். நான் போனைப் பூட்டியபோது அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்தினேன், ஏனென்றால் உதவி கேட்கக்கூடிய இடங்களின் பட்டியலிலிருந்து என்னையே நான் நீக்கிக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன நடந்திருந்தாலும் இதற்காகப் போனை இனிப் பறிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து போனைத் திருப்பித் தந்த பின்னரே, அவன் முழு உரையாடலையும் திறந்து காட்டினான். படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பது எனக்கு எளிதாக இல்லை.

இங்கிலாந்தில் நடந்த பிரெக் பெட்னார் வழக்கைப் பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்பேன். சர்ரே பகுதியிலுள்ள கேட்டரம் என்ற ஊரைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் அவன். தன் நண்பர்களோடு ஆன்லைனில் ஆடிக்கொண்டிருந்த குழுவில், ஆடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் குரல் சர்வரையே நடத்திவந்த ஓர் இளைஞன் அவனுக்குப் பழக்கமானான். பெரிய கணினி நிறுவனம் நடத்துவதாகப் பொய் சொல்லியிருந்தான். பிரெக்கின் தாய் லோரின் லஃபேவ் அலட்சியமாக இருந்தவர் அல்லர். அந்தக் குரலைத் தன் வீட்டிலேயே கேட்டிருக்கிறார், மகன் மாறிவருவதைக் கவனித்தார், கட்டுப்பாடுகள் விதித்தார், 2013 டிசம்பரில் காவல்துறையையே அழைத்துத் தன் சந்தேகத்தைச் சொன்னார். அந்த அழைப்பு உரிய முறையில் கையாளப்படவில்லை. 2014 பிப்ரவரியில், பக்கத்தில் ஒரு நண்பன் வீட்டில் தங்கப்போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, பிரெக் எசெக்ஸிலுள்ள கிரேஸுக்கு டாக்சியில் போனான். அங்கே அந்த இளைஞனின் வீட்டில் பிப்ரவரி 17 அன்று கொல்லப்பட்டான். கொன்றவனுக்கு அப்போது வயது 18. அடுத்த ஆண்டு ஜனவரியில் அவனுக்கு ஆயுள் தண்டனையும், குறைந்தது 25 ஆண்டுகள் சிறையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டன. மகனின் பெயரில் அந்தத் தாய் தொடங்கிய அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேசிவருகிறது.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. பெரும்பாலான விளையாட்டு நட்புகள் விளையாட்டோடு முடிந்துபோகின்றன. ஆனால் நாம் ஆறுதலுக்காகப் பிடித்துக்கொள்ளும் சில எண்ணங்களை இந்த வழக்கு உடைத்துவிடுகிறது. ‘அவனுடைய நிஜ நண்பர்களும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள்’ என்பது பாதுகாப்பு ஆகாது. பிரெக்கின் நண்பர்களும் இருந்தார்கள். ‘வயது வித்தியாசம் அதிகம் இல்லையே’ என்பதும் ஆகாது. பிணைப்பு இறுகிய பிறகு வீட்டில் போடும் தடை, ‘உன் அம்மா உன்னை அடக்கி வைக்கிறார்’ என்று சொல்வதற்கு மறுபக்கத்துக்குக் கிடைக்கும் சான்றாகவும் ஆகிவிடுகிறது.

அப்படியானால் எதைக் கவனிப்பது? பேச்சு இடம் மாறும் தருணத்தைக் கவனியுங்கள் என்பதே என் பதில். விளையாட்டுக்குள், நான்கு பேர் கேட்கும் அணி மைக்கில் பேசுகிறவரை ஆபத்து குறைவு. அங்கிருந்து வாட்ஸ்அப், டெலிகிராம், இன்ஸ்டாகிராம், விளையாடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் செயலியான டிஸ்கார்டில் தனி அரட்டை என்று பேச்சு நகரும்போதும், கூட்டத்திலிருந்து இருவராகச் சுருங்கும்போதும், பகலிலிருந்து நள்ளிரவுக்குப் போகும்போதும் யாரோ ஒருவர் வேண்டுமென்றே நகர்த்துகிறார் என்று கொள்ளலாம். எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் விதி ஒன்றே ஒன்று: விளையாட்டில் யாரோடும் ஆடலாம், பேசலாம், யாராவது வேறு செயலிக்கு அழைத்தால் அன்றிரவே எங்களிடம் சொல்ல வேண்டும். சொன்னதற்காக எதுவும் பறிபோகாது.

அவனுக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு நண்பன் கிடைத்திருக்கிறான். குரலையும் பேச்சையும் வைத்துப் பார்த்தால் இவன் வயதுதான். அவனிடமிருந்து ‘கதைக்கிறது’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு என் மகன் எங்களிடமும் கதைக்கிறான். எட்டு மாதத்தில் அந்தப் பையன் வீடு எங்கே என்று கேட்டதில்லை, படம் கேட்டதில்லை, எதையும் பரிசளித்ததும் இல்லை. இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்து மகனே ஒன்றைக் கண்டுபிடித்தான்: இந்தப் பையனிடம் ‘இன்னைக்கு வரல’ என்றால் ‘சரி’ என்று போய்விடுவான், அந்த அண்ணாவிடம் அப்படிச் சொன்னால் இரண்டு நாள் பேசமாட்டார், பிறகு மன்னிப்புக் கேட்க வைப்பார். உங்கள் மகனிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவாக இருக்கலாம். நீ மாட்டேன் என்று சொன்னபோது அவர் என்ன செய்தார்?

விளையாட்டிலும் செயலியிலும் உள்ள பாதுகாப்பு அமைப்புகள் (செட்டிங்ஸ்) பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றைச் செய்துவிடுங்கள், ஆனால் அவற்றிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடாதீர்கள். நண்பர் கோரிக்கைகளை மூடலாம், மைக்கை அணிக்கு மட்டும் என்று வைக்கலாம். டிஸ்கார்டில் பெற்றோருக்கான குடும்பப் பகுதி ஒன்று உண்டு. பிள்ளை யாரோடு பேசுகிறான் என்பதைக் காட்டும், என்ன பேசுகிறான் என்பதைக் காட்டாது. பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) போன்ற விளையாட்டுகள் 18 வயதுக்குக் கீழே நேரவரம்பு வைத்திருக்கின்றன. வயதைக் கூட்டிப் போடத் தெரியாத பிள்ளையை நான் இன்னும் வகுப்பில் பார்க்கவில்லை. விளையாட்டுக் கணக்கைப் பிள்ளையின் சொந்த மின்னஞ்சலோடு இணைத்து, இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டு, கடவுச்சொல்லை ஒருவருக்கும் தரக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். என் மகனின் கணக்கு திரும்பி வரவே இல்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. என் மகளுக்கு இப்போது 12 வயது. பையன் பெயரில், மைக்கை அணைத்துவிட்டு ஆடுகிறாள், வகுப்புத் தோழிகளும் அப்படித்தானாம். குரல் கேட்டதும் வருகிற பேச்சுகளைத் தவிர்க்க அவர்களாகவே கண்டுபிடித்த வழி அது. அதேசமயம், ஆண்பிள்ளைக்கு என்ன ஆகிவிடும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். பெண் பெயரில் பேசிப் படம் வாங்கிப் பணம் கேட்டு மிரட்டும் கும்பல்கள் குறிவைப்பது பெரும்பாலும் பதின்வயதுப் பையன்களைத்தான். அப்படி நேர்ந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. அனுப்பினால் அடுத்த நாள் இன்னும் கேட்பார்கள்.

ஏற்கெனவே எல்லை மீறியிருந்தால் உரையாடலை அழிக்க வேண்டாம். கோபத்தில் உடனே பிளாக் செய்துவிடவும் வேண்டாம். முதலில் அந்த ஆளின் பயனர் பெயர், ஐடி எண், தொலைபேசி எண், தேதி தெரியும் உரையாடல் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரத்திலும் அழைக்கலாம், இலங்கையில் 1929. இந்திய அரசின் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் தரலாம். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை அழையுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை இணைய வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதே அதன்படி குற்றம், தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை. குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பரப்புவதைத் தண்டிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் உண்டு. அந்தரங்கப் படம் கைமாறியிருந்தால், அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை உதவும். படம் பிள்ளையின் போனை விட்டு வெளியே போவதில்லை. அதன் எண்வழிக் கைரேகை (அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு) மட்டும் உருவாக்கப்பட்டு, அந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்குகின்றன. நாங்கள் புகார் கொடுத்தோம். அதற்குள் அந்த டெலிகிராம் கணக்கு மறைந்துவிட்டது. கோயம்புத்தூர் என்றது உண்மையா என்பதுகூட இன்றுவரை தெரியாது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். இன்றிரவு போனைப் பிடுங்காதீர்கள். பையன் போல நடித்து அந்த ஆளிடம் நீங்கள் பேசவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம்; உங்கள் மகன் அதைத் துரோகமாகவே எடுத்துக்கொள்வான், அந்த ஆளும் எச்சரிக்கையாகிவிடுவார். மகனோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம் பாருங்கள், முடிந்தால் ஆடித் தோற்றுப் பாருங்கள். பேச்சு எந்தச் செயலியில் நடக்கிறது, பரிசு ஏதேனும் வந்ததா, ‘வீட்டில் சொல்லாதே’ என்ற சொல் எப்போதாவது வந்ததா என்று, விசாரணை தொனி இல்லாமல் கேளுங்கள். வந்திருந்தால் அதோடு நட்பு முடிந்தது. மேலே சொன்ன வழியில் போங்கள். வரவில்லை என்றால், “வீட்டில் சொல்லிவிட்டேன், அப்பா அம்மாவும் உங்களோடு பேச வேண்டுமாம்” என்று மகனையே உங்கள் முன் எழுதச் சொல்லுங்கள். அவருக்குக் கோபம் வந்தாலோ, பதில் நின்றுபோனாலோ மகனுக்கு நீங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்காது. மரியாதையாக ஒப்புக்கொண்டால் அது நல்ல அறிகுறி, அவ்வளவுதான். பெற்றோரிடம் நயமாகப் பேசத் தெரிந்தவர்களும் உண்டு. ஆட்டம் கூடத்தில் நடக்கட்டும், பேச்சு ஸ்பீக்கரில் இருக்கட்டும், அரையாண்டு விடுமுறைப் பயணம் மட்டும் கிடையாது.