கொடைக்கானலிலிருந்து கூடலூர் வரை காரில் போகிறோம். வழியில் எங்கெங்கே நிற்கலாம்?

மதுரையிலிருந்து காரில் கிளம்பி, கொடைக்கானலில் தொடங்கி ஊட்டி, கூடலூர் வரை ஐந்து நாள் பயணம், ஆறாம் நாள் ஊர் திரும்ப வேண்டும்; வயதான அம்மாவும் பத்து வயதுப் பையனும் கூட வருகிறார்கள்; படகுக் குழாமும் பூங்காவும் பார்த்தாயிற்று, சாலையோரத்தில் நின்று பார்க்கிற விசித்திரமான இடங்களாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பிறந்தது கோத்தகிரி, வாழ்க்கைப்பட்டது பண்ணைக்காடு. ஒன்று நீலகிரி, மற்றது பழனி மலை. பதினெட்டு ஆண்டுகளாகத் தாய்வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே இதே சாலையில்தான் போய்வந்துகொண்டிருக்கிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை.

நிறுத்தங்களை ஜோடி ஜோடியாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு மலையில் பார்த்த பொருளுக்குத் துணையானது அடிவாரத்திலோ எதிர் மலையிலோ கட்டாயம் இருக்கும். தனித்தனியாக இருபது இடம் பார்த்தால் வீடு திரும்புவதற்குள் எல்லாம் குழம்பிவிடும். ஜோடியாகப் பார்த்ததைப் பிள்ளைகள் மறப்பதில்லை. என் மகனிடம் நான் கண்கூடாகக் கண்டது இது. ஒரு நாளைக்கு மூன்று நிறுத்தம் போதும். அம்மா வருவதால் அதற்கு மேல் வேண்டவே வேண்டாம்.

கிளம்பும் முன் இரண்டு வேலைகள். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் தனித்தனியாக இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கோடைக் காலத்தில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைக்கிறார்கள், ஆகவே முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். இரண்டாவது, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை வீட்டிலேயே வைத்துவிட்டு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மலைகளிலும் சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். பார்க்காவிட்டாலும் கொண்டுவராதீர்கள்; காட்டுமாடுகள் மேய்கிற இடம் இது.

முதல் நாள் வத்தலகுண்டு வழியாக ஏறுங்கள். டம்டம் பாறையில் இறங்கி எதிர்ப்பக்கம் பார்த்தால் தலையாறு அருவி வெள்ளை நூல் போலத் தொங்கும். உயரம் 297 மீட்டர். எலிவால் அருவி என்றும் சொல்வார்கள், அந்தப் பெயர் உங்கள் பையனுக்குப் பிடிக்கும். அதற்கு மேலே ஊத்து என்ற இடத்தில் பண்ணைக்காடு, தாண்டிக்குடிக்குச் சாலை பிரிகிறது. பெரும்பாலான கார்கள் அந்தப் பிரிவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். நீங்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி உள்ளே வாருங்கள். நிழல் மரங்களுக்குக் கீழே காப்பிச் செடி, மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக் கொடி, இடையிடையே மலைவாழை. சாலையோரக் கடையில் விருப்பாச்சி வாழைப்பழம் இருக்கிறதா என்று கேட்டு ஒரு சீப்பு வாங்குங்கள். ஒரு காலத்தில் இந்த மலை முழுக்க விருப்பாச்சிதானாம். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்ததை என் மாமனார் இன்றும் குரல் தழுதழுக்கச் சொல்வார். தோல் தடித்த, நீர்ச்சத்து குறைந்த சிறிய பழம். ஒன்றை உரித்துச் சாப்பிட்டுவிட்டு மீதியைப் பையில் வையுங்கள். அதன் ஜோடி பழனியில் இருக்கிறது.

கொடைக்கானலை நெருங்கும்போது வெள்ளி நீர்வீழ்ச்சியில் கூட்டம் நிற்கும். நீங்களும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அங்கே விழுவது கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர். அந்த ஏரி இயற்கையானது என்று பலரும் நினைக்கிறார்கள். 1863-இல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் ஓடையை மறித்து உண்டாக்கியது அது. இதற்கும் ஜோடி உண்டு: ஊட்டி ஏரியும் ஒரு கலெக்டர் வெட்டியதுதான்.

இரண்டாம் நாள் காலையில் குறிஞ்சி ஆண்டவர் கோயில். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான். ஆனால் நான் சொல்ல வந்தது பூவை அல்ல. மூடுபனி விலகியிருந்தால் கோயிலுக்குப் பின்பக்கம் நின்று கீழே பார்க்கலாம், பழனி ஊர் தெரியும். அன்று மாலை பழனி அடிவாரத்தில் நின்று தெற்கே இதே மலையை அண்ணாந்து பாருங்கள். காலையில் தாம் நின்ற இடம் அந்த உயரம் என்று தெரியும்போது பெரியவர்கள்கூடச் சற்று நேரம் பேசாமல் நிற்பார்கள்.

அங்கிருந்து சூரிய ஆய்வுக்கூடம் போங்கள். 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனில் நடப்பவற்றுக்கும் தொடர்பு உண்டா என்ற கவலை அரசுக்கு வந்தது. அந்தக் கவலையிலிருந்து பிறந்து 1899-இல் இங்கே அமைந்தது இந்தக் கூடம். சூரியன்மேல் தெரியும் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் எவர்ஷெட் என்ற வானியலாளர் கண்டறிந்தது இங்கேதான். இன்றைக்கும் உலகில் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். இதன் ஜோடியைக் கடைசி நாளில் சொல்கிறேன்.

பகல் இரண்டு மணிக்குள் பெருமாள்மலையில் திரும்பிப் பழனிச் சாலையில் இறங்கத் தொடங்கிவிடுங்கள். 64 கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டரை மணி நேரம் வையுங்கள். இந்த இறக்கத்தைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் என் கணவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினார். பாதி வழியில் ரப்பர் தீய்ந்த வாடை. சன்னலைத் திறந்தால் முன்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. பிரேக்கை மிதித்தால் கால் பஞ்சில் பதிவதுபோல உள்ளே போகிறது. கைப்பிரேக்கைப் போட்டுச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினோம். நான் தண்ணீர் ஊற்றப் போனேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் இறங்கி ஓடிவந்து தடுத்தார். “சூட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள் அம்மா, வட்டு வெடித்துவிடும். தம்பி, எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை நம்பி மலை இறங்காதே, எஞ்சினை நம்பி இறங்கு” என்றார். அரை மணி நேரம் எங்களுடனேயே நின்று, சக்கரம் ஆறிய பிறகுதான் அவர் கிளம்பினார். அன்றிலிருந்து இரண்டாம் கியர், மூன்றாம் கியர்தான். ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

பழனியில் இரவு தங்குங்கள். பஞ்சாமிர்தம் வாங்கியதும் பையிலிருக்கும் விருப்பாச்சியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பையனுக்குக் காட்டுங்கள். மலைவாழை, சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் போட்டுப் பிசைவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. பழத்திலேயே நீர் குறைவு என்பதால் பல நாள் கெடாமல் இருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி.

மூன்றாம் நாள் சமவெளி. உடுமலைப் பக்கம் காற்றாலைகள், பொள்ளாச்சியில் இளநீர், கோயம்புத்தூரை நெரிசல் நேரத்துக்கு முன்பே கடந்துவிடுவது, மேட்டுப்பாளையத்தில் இரவு. இந்த நாளில் இடம் தேடி அலையாதீர்கள், அம்மா ஓய்வெடுக்கட்டும்.

நான்காம் நாள் விடிந்ததும் கல்லாறு தாண்டிக் குன்னூர்ச் சாலையில் ஏறுங்கள். பர்லியாரில் சாலையோரப் பழக்கடைகள் வரிசையாக இருக்கும். என்னைக் கேட்டால் இந்தப் பயணம் முழுவதிலும் மிக நல்ல நிறுத்தம் இதுதான். பலா, துரியன், பெயரே தெரியாத பழங்கள் எல்லாம் இருக்கும். நீங்கள் மாங்குஸ்தான் கேளுங்கள். முதல்முறை என் மகன் வாங்கியபோது கடைக்கார அம்மாள் பழத்தை உடைக்கவில்லை. தலைகீழாகத் திருப்பி, கரும் ஊதாத் தோலின் அடியில் அச்சுக் குத்தியதுபோல இருந்த சின்னப் பூவைக் காட்டி, “இதழை எண்ணு கண்ணு” என்றார். ஆறு. இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்து அழுத்தினார். தோல் பிளந்து உள்ளே பஞ்சு போல வெண்சுளைகள். எண்ணினால் ஆறு! வெளியே எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. கடையை விட்டுக் கிளம்ப மனமில்லாமல் ஒவ்வொரு பழமாகத் திருப்பித் திருப்பி எண்ணிக்கொண்டிருந்தான். தோலின் சாறு துணியில் பட்டால் கறை போகாது, பழைய துண்டு ஒன்றை மடியில் விரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கு வரும். பார்த்தால் காரை விட்டு இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், தூரத்திலேயே நின்றுவிடுங்கள்.

குன்னூரில் ஸ்டேஷனை ஒட்டிய ரயில்வே கேட்டருகே மலை ரயில் வரும் நேரத்தைக் கேட்டு நில்லுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்வரிசையைப் பல்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறுகிறது. குன்னூருக்கு 1899-இல் வந்த ரயில் ஊட்டியை 1908-இல்தான் தொட்டது.

மாலையில் எங்கள் கோத்தகிரிக்கு வந்துவிடுங்கள். கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய பங்களா இருக்கிறது. 1819-இல் மலையேறி வந்த கோவை கலெக்டர் அவர். ஊட்டி ஏரியை வெட்டியவரும் அவர்தான். ஆக லெவிஞ்சின் ஜோடி கிடைத்துவிட்டது. நான் சிறுமியாக இருந்தபோது இடிந்து கிடந்த கட்டடத்தைச் செப்பனிட்டு இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே போகும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

ஐந்தாம் நாள் ஊட்டியைக் கடந்து முத்தோரை பாலாடா பக்கம் சற்று விலகுங்கள். கேரட் வயல்களுக்கு மேலே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டில் கிடப்பதுபோலத் தெரியும். அதுதான் வானொலித் தொலைநோக்கி, சூரிய ஆய்வுக்கூடத்தின் ஜோடி. கொடைக்கானலில் சூரியனின் ஒளியைப் பார்க்கிறார்கள். இங்கே விண்வெளியிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடிக்கிறார்கள். கோவிந்த் ஸ்வரூப் என்ற வானியலாளர் தலைமையில் 1970-இல் அமைத்தது. ஏன் இந்தச் சரிவு? ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 பாகையில் இருக்கிறது. வடக்கு தெற்காக ஏறக்குறைய அதே 11 பாகை சாய்ந்த சரிவாகத் தேடிப் பிடித்து, அதன்மேல் கிடத்தியிருக்கிறார்கள். அதனால் தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. அந்த அச்சில் மெல்ல உருட்டினாலே போதும், ஒரே விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். மலையே கருவியின் ஒரு பாகம்! பையனைப் பள்ளிப் பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்துவரச் சொல்லுங்கள். நடுவில் ஒரு நூலும் நூல் முனையில் சிறு கல்லும் கட்டி, சரிவுக்கு இணையாகப் பக்கவாட்டில் பிடித்து நூல் 90-ஆம் கோட்டிலிருந்து எத்தனை பாகை விலகித் தொங்குகிறது என்று பார்க்கட்டும். என் மகனுக்குப் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே வந்தது. சாலையில் நின்றபடியே செய்துவிடலாம்.

பிறகு பைக்காரா வழியாக நடுவட்டம். மலேரியா மருந்தான கொயினாவுக்காக வளர்த்த சிங்கோனா மரத் தோட்டங்களில் வேலை வாங்கச் சீனக் கைதிகள் உள்ளிட்டோரை அடைத்துவைத்த பழைய சிறை அங்கே இருக்கிறது. அதைத் தாண்டி ஊசிமலைக் காட்சிமுனையிலிருந்து பார்த்தால் கூடலூரும் முதுமலைக் காடும் காலடியில் விரியும். மசினகுடிக்குக் குறுக்குவழி என்று மேப் கல்லட்டிச் சாலையைக் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள், வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. கூடலூர்ச் சாலையிலேயே போங்கள்.

எந்த மாதம் கிளம்புகிறீர்கள் என்பதை மட்டும் நீங்கள் சொல்லவில்லை. மாங்குஸ்தான் வேண்டுமானால் ஜூலை, ஆகஸ்டில் வர வேண்டும். அப்போது கூடலூர்ப் பக்கம் மழை கொட்டும், ஊசிமலையில் மேகத்தைத் தவிர எதுவும் தெரியாது, மண்சரிவு இருந்தால் நடுவட்டத்தோடு திரும்ப நேரலாம். காட்சி வேண்டுமானால் ஜனவரி, பிப்ரவரி. அப்போது பர்லியாரில் மாங்குஸ்தான் கிடைக்குமா என்பது அதிர்ஷ்டம். பையன் பத்து வயது என்கிறீர்கள், நான் ஆகஸ்டைத்தான் சொல்வேன்.