பெட்டிச் சாவி

கேள்வி: ஆசிரியர் ஐயா, நம் காலத்தில் ரேடியோ, தொலைக்காட்சிப் பெட்டி, வீடியோ என்று ஒவ்வொன்றாக வந்தது. என் பேரப்பிள்ளைகள் கையில் கைபேசியோடுதான் பிறக்கிறார்கள் போலிருக்கிறது. கொடுத்துவைத்த தலைமுறை எது, நம்முடையதா அவர்களுடையதா?
– வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: யார் கொடுத்துவைத்தவர் என்பதை ஜோசியரிடம் கேளுங்கள். நான் உங்கள் கேள்வியில் ‘பெட்டி’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1860 நவம்பரில் மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கியது. கையில் மூட்டை, இல்லாவிட்டால் ஒரு பெட்டி. அப்புறம் பஜனை வீட்டில் ஆர்மோனியப் பெட்டி வந்தது. கல்யாண வீட்டில் பாட்டுப் பெட்டி, கூடத்தில் ரேடியோப் பெட்டி, கடைசியில் தொலைக்காட்சிப் பெட்டி. எந்த அதிசயமானாலும் ஒரு பெட்டிக்குள் இருந்தால்தான் நமக்கு மரியாதை. கைபேசியை மட்டும் யாரும் பெட்டி என்று சொல்வதில்லை, கவனித்தீர்களா?

(கைபேசி என்று ஒற்று இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். போயிற்று. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். கைப்பை, கைக்குட்டை, கைக்கடிகாரம், ஆகவே கைப்பேசி என்பது அவர் கட்சி. பதினோரு வருஷமாக இதே கடிதத்தை எழுதி வருகிறார். இலக்கணம் அவர் பக்கம். அதனால்தான் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கடிதம் வருவதோ வாட்ஸப்பில், தலைமுதல் கால்வரை ஒரு புள்ளிகூட இல்லாமல்! கேட்டால், சின்னத் திரையில் புள்ளி அகப்படவில்லை என்கிறார். எனக்கு மட்டும் அகப்பட வேண்டுமாம்.)

சரி, பெட்டி. இந்த நாட்டில் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியது 1976 ஜனவரி 5. உலகத்தின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை 1967இல் கேப் டவுனில் நடந்தது. மனிதனுக்கு மாற்று இதயம் வைத்து எட்டு வருஷம் கழித்துத்தான் அவன் வீட்டில் டிவி வைக்க அனுமதி. பக்கத்து ரொடீசியாவில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில், 1960லேயே வந்துவிட்டது. மொரிஷியஸ் தமிழர்கள் 1965இல் பார்த்தார்கள். சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15. தங்கமும் வைரமும் தோண்டி எடுக்கிற நாட்டில் ஒரு பெட்டி வாங்கவா பணமில்லை? சாவி ஒருவரிடம் இருந்தது. ஆல்பர்ட் ஹெர்ட்சாக் என்ற தபால் தந்தி அமைச்சர். சாத்தானின் பெட்டி என்றார் அவர் அதை. பொதுவுடைமையும் ஒழுக்கக்கேடும் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழையுமாம். பிரதமர் ஃபெர்வூர்ட் ஒரு படி மேலே போய் அணுகுண்டையும் விஷவாயுவையும் அதற்கு ஜோடி சேர்த்தார்.

அந்த ‘சாத்தானின் பெட்டி’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெட்டிப் பாம்பு என்று நாம் சொல்வோமே, அதேதான். மனிதர் பயந்ததிலும் அர்த்தம் இருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற காட்சி ஒன்று கூடத்துக்குள் வந்துவிட்டால், ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று பெஞ்சில் எழுதி வைத்ததற்கு மறுநாள் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

1968இல் ஹெர்ட்சாக்கின் பதவி போயிற்று. அடுத்த வருஷம் நிலாவில் மனிதன் நடந்தான். உலகம் பார்த்தது, நாங்கள் கேட்டோம். எனக்குப் பத்து வயது. எங்கள் நேரப்படி விடியற்காலை ஐந்து மணி. தாத்தா ரேடியோவைத் துண்டால் ஒரு முறை துடைத்துவிட்டு, “வாசலுக்குப் போய்ப் பார்டா, ஆள் தெரியுதா” என்றார். ஓடினேன். நிலா எப்போதோ மறைந்திருந்தது. டிவியும் இல்லை, நிலாவும் இல்லை. திரும்பி வந்து, தெரியுது தாத்தா என்றேன்.

1976இல் எங்கள் குடும்பத்தில் முதல் பெட்டி பெரியப்பா வீட்டுக்கு வந்தது. மர அலமாரி மாதிரி இரண்டு கதவு, நடுவில் பூட்டு, மேலே பெரியம்மா பின்னிய வெள்ளைத் துணி, அதன்மேல் பித்தளை யானை. சாவி பெரியப்பாவின் கோட்டுப் பையில். அதாவது ஹெர்ட்சாக் போய்விட்டார், பெரியப்பா வந்துவிட்டார். சாயங்காலம் அவர் சாவியைத் திருகும்போது தெருவே தரையில் உட்கார்ந்திருக்கும். பாதி நேரம் ஆங்கிலம், பாதி நேரம் ஆட்சியாளர்களின் ஆஃப்ரிகான்ஸ் மொழி, தமிழ் கிடையாது. யாரும் கேட்கவுமில்லை. நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் வருகிற அசையாத வண்ணக்கட்டப் படத்தைக்கூட ஆயா கண்கொட்டாமல் பார்ப்பார். லைசென்ஸ் பணத்தை ஒரு வருஷம்கூடத் தவறவிடாதவர் பெரியப்பா. இப்போது அது 265 ரேண்ட். அவர் பிள்ளைகள் எத்தனை வருஷம் பாக்கி என்று நான் எழுதினால் என்னோடு பேசமாட்டார்கள்.

அதைவிட வேடிக்கை 1980களில். நிறவெறி நாட்டுக்கு எங்கள் நிகழ்ச்சிகள் போகக்கூடாது என்று பிரிட்டிஷ் நடிகர் சங்கம் தடை போட்டிருந்தது. ஆகவே அமெரிக்கத் தொடர்களை வாங்கி ஆஃப்ரிகான்ஸில் குரல் மாற்றி விட்டார்கள். மூலக் குரல் வேண்டுமா? 1986இல் ரேடியோ 2000 என்று ஒரு நிலையமே திறந்தார்கள். டிவியில் சத்தத்தை அடைத்துவிட்டு, பக்கத்தில் ரேடியோவை வைத்து, படத்தை இதிலும் குரலை அதிலும் வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல ரேடியோ எங்கள் வீட்டில் இருந்தது. இருபத்தேழு வயது ஆண்பிள்ளை நான், சாயங்காலமானால் அதைக் குழந்தையைப் போல் இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று வீடு தாண்டிப் போவேன். “மாப்பிள்ளை ஒரு கார்ல, பொண்ணு ஒரு கார்ல வர்ற மாதிரி இருக்கு” என்பார் பெரியம்மா. நடுவில் பேட்டரி தீர்ந்தால் கதாநாயகன் ஊமை. டிவியைத் திருகினால் அதே வாய் ஆஃப்ரிகான்ஸ் பேசும். ஒரே முத்தத்தில் இரண்டு மொழி பார்த்தவர்கள் நாங்கள்.

தமிழ் எந்தப் பெட்டியில் இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கும் காந்திக்கும் பழைய பஞ்சாயத்து உண்டு. 1903இல் டர்பனில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் என்று நான்கு மொழியில் வந்தது. அடுத்த வருஷம் அச்சகம் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ் பண்ணைக்குப் போனது. அங்கே முதல் ராத்திரியே எண்ணெய் எஞ்சின் மக்கர் செய்ய, தூங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பி, ஆள் மாற்றி ஆள் கையால் சக்கரம் சுற்றி அச்சடித்தார்கள். காந்தியும் சுற்றினார். அப்படிப்பட்ட மனிதர், சில வருஷத்தில் ஹிந்திப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் நிறுத்திவிட்டார். அச்சுக் கோக்கவும் எழுதவும் சரியான ஆள் இல்லை, ஒப்புக்கு நடத்துவது வாசகரை ஏமாற்றுவது என்று அவருக்குப் பட்டது. நேர்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எஞ்சின் நின்றதும் ஆளை எழுப்பினாரே, தமிழ் நின்றதும் இன்னும் இரண்டு பேரை எழுப்பியிருக்கலாம்! அந்த எழுத்துப் பெட்டியில் க, கா, கி, கீ என்று தனித்தனி அறையில் ஈய எழுத்துகள் என்ன ஆயினவோ. ஆட்கள் கிடைக்காமல் ஒப்புக்குப் பத்திரிகை நடத்துவது ஏமாற்று என்றால், நானும் இத்தனை வருஷமாக உங்களை ஏமாற்றித்தான் வருகிறேன்.

1983இல் இந்தியர்களுக்கென்று ரேடியோ லோட்டஸ் நிலையம் வந்தபோது தமிழுக்கும் கொஞ்சம் நேரம் கிடைத்தது. அதுவரைக்கும் தமிழ்க் குரல் என்றால் பெரும்பாலும் பயாஸ்கோப்தான். சினிமாக் கொட்டகையை நாங்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். கிரே தெருவில் ஷாஜகான், விக்டோரியா தெருவில் அவலான். தெருக்களுக்கு இப்போது யூசுஃப் தாதூ, பெர்த்தா ம்கீசே என்று பெயர், என் கால்களுக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை.

அப்புறம் வீடியோ. படம் பிரதிக்குப் பிரதி எடுத்து, எடுத்து, நடிகர் திலகம் பச்சை முகத்தோடு அழுவார். நாங்களும் அழுவோம். என் தங்கை கல்யாணத்தைக்கூட வீடியோ எடுத்தோம். ஒரே பிரதி. 1988இல் ஒரு சொந்தக்காரர், இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கிப் போனார். அவரிடமிருந்து அவர் மச்சானிடம், அங்கிருந்து பக்கத்து வீட்டுக்கு. இன்று உங்கள் பேரப்பிள்ளை ஒரு படத்தை ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும் அவன் கையிலிருந்து அது போவதில்லை. நாங்கள் கொடுத்தால் கொடுத்ததுதான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று, வேண்டுமானால், எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சாட்ஸ்வர்த்தில் எந்த யூனிட் என்று எழுதவில்லை. எனக்குக் கிடைத்த கடைசித் தகவல்படி அந்தக் கேசட் யூனிட் 7இல் இருந்தது. பேரப்பிள்ளைகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, வெள்ளைச் சீட்டு, சிவப்பு மையில் என் கையெழுத்து: ‘பார்த்ததும் திருப்பித் தரவும்’. தமிழில்தான் எழுதியிருந்தேன். அந்த மூன்று வீட்டிலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை என்று பிறகுதான் தெரிந்தது.