காபித் தோட்டத்தில் கிடைத்த பல்லுக்கு டிஎன்ஏ பார்க்க முடியுமா?

கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். காபிச் செடிகளுக்கு நடுவே பட்டர் ஃப்ரூட் கன்று வைக்கக் குழி எடுத்தபோது கடப்பாரை ஒரு பலகைக்கல்லில் இடித்திருக்கிறது. நெம்பிப் பார்த்தால் உள்ளே கறுப்பு சிவப்புப் பானை ஒன்று, கொஞ்சம் எலும்புத் துண்டு, நான்கு பல். பற்களை மட்டும் எடுத்துவந்து சோப்புப் போட்டுக் கழுவி, பாலிதீன் பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார். எச்சில் அனுப்பினால் வம்சாவளி சொல்லும் கம்பெனிகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றுக்கு ஒரு பல்லை அனுப்பிப் பார்க்கலாம் மாமா என்று சென்னையில் இருக்கும் மருமகன் யோசனை சொல்லியிருக்கிறார். இவர்கள் எங்கள் முன்னோரா என்று டிஎன்ஏ சொல்லுமா, அதிகாரிகளுக்குத் தெரிந்தால் தோட்டம் போய்விடுமா, அம்மா அந்த இடத்தில் விளக்கேற்றிப் பால் ஊற்ற வேண்டும் என்கிறாரே செய்யலாமா, இவைதான் அவருடைய கேள்விகள்.

ஐயா, முதலில் பல்லை எங்கேயும் அனுப்பாதீர்கள். அந்தக் கம்பெனிகளின் முறை உயிரோடு இருப்பவரின் எச்சிலுக்காக அமைத்தது. எச்சிலில் புத்தம்புது செல்கள் லட்சக்கணக்கில் இருக்கும், டிஎன்ஏ நீளநீளமாக முழுசாகக் கிடைக்கும். உங்கள் குழியில் இருப்பது நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் பெருங்கற்காலத்துக் கல்லறை, உங்கள் பக்கம் பாண்டவர் குழி என்றோ குள்ளர் வீடு என்றோ சொல்வார்களே அந்த வகை. அவ்வளவு பழைய பல்லில் டிஎன்ஏ மிஞ்சியிருந்தாலும் நாற்பது ஐம்பது எழுத்து நீளத் துணுக்குகளாகத்தான் மிஞ்சியிருக்கும். மனித மரபணுத் தொகுதி 300 கோடி எழுத்து. ஒரு பெரிய புத்தகத்தை மிக்சியில் போட்டு அரைத்து, அதிலும் முக்கால்வாசியைக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் மண்ணையும் கலந்து கொடுத்தது மாதிரி. மண் என்று சும்மா சொல்லவில்லை, பழைய எலும்பிலிருந்து எடுக்கும் டிஎன்ஏவில் பெரும்பகுதி மண்ணில் வாழும் பாக்டீரியாவுடையது. நம் மாதிரி வெப்பமான ஊர்களில் நூற்றில் ஒரு பங்கு மனிதனுடையது என்றாலே ஆய்வகத்தில் சந்தோஷப்படுவோம்.

ஏன் இப்படி அழிகிறது? உயிரோடு இருக்கும்வரை உடல் தன் டிஎன்ஏவைப் பழுது பார்த்துக்கொண்டே இருக்கிறது. மூச்சு நின்றதும் அந்த வேலை நின்றுவிடும், உடம்பின் நொதிகளே அதை வெட்ட ஆரம்பிக்கும், அப்புறம் தண்ணீரும் சூடும் அமிலமும் சேர்ந்து மிச்சத்தை அரிக்கும். காபித் தோட்டத்துக்கு நீங்கள் டோலமைட் சுண்ணாம்பு போடுவது எதற்காக? மண் புளிப்பாக இருக்கிறது என்பதால்தானே. அந்தப் புளிப்புதான் எலும்பின் சுண்ணாம்புச் சத்தையும் கரைக்கிறது, அது கரைந்தால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் டிஎன்ஏவுக்குப் பாதுகாப்பில்லை. மேலே மழை, கீழே புளிப்பு மண் என்று மலைக்காரர்களுக்கு இதில் இரட்டை நஷ்டம். நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா என்ற பெரிய பறவையின் 158 எலும்புகளை வைத்து 2012இல் ஒரு கணக்குப் போட்டார்கள். சுமார் 13 டிகிரிக் குளிரில், அவர்கள் எடுத்துக்கொண்ட நீளமுள்ள டிஎன்ஏ ஒவ்வொரு 521 ஆண்டுக்கும் பாதியாகிறது என்று வந்தது. உங்கள் தோட்டம் கொடைக்கானல் டவுனைவிடத் தாழ்வு, சூடும் கூடுதல், அதனால் அழிவும் வேகம். சைபீரியாவின் உறைமண்ணில் கிடந்த மாமத் யானைப் பற்களில் பத்து லட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட டிஎன்ஏ கிடைத்தது என்ற 2021ஆம் ஆண்டுச் செய்தியைப் படித்துவிட்டு நம் ஊர்ப் பல்லிலும் அப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது, அது ஐஸ்பெட்டி, இது தோட்டம்.

நம் நாட்டு நிலவரம் தெரிய ஹரியானாவின் ராகிகடியைச் சொல்லலாம். சிந்துவெளிக் காலத்து ஊர். அங்கே 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில் உருப்படியாக டிஎன்ஏ கிடைத்தது ஒரே ஒரு பெண்ணிடமிருந்து. 2019இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது, மற்ற அறுபதும் கைவிட்டதை யாரும் பேசவில்லை.

சரி, அப்படியானால் வாய்ப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது உங்கள் ஃபிரிட்ஜில் இருக்கும் பல்லைவிடக் குழிக்குள் இருப்பதில்தான் அதிகம். காதுக்கு உட்புறம், மண்டையோட்டின் அடியில், உடம்பிலேயே மிகக் கெட்டியான ஓர் எலும்பு உண்டு, உள்காது எலும்பு. மற்ற எலும்பெல்லாம் மாவாகிப் போன இடத்திலும் இதற்குள் டிஎன்ஏ தப்பியிருக்கும் என்பது தெரிந்து பத்துப் பதினைந்து ஆண்டுதான் ஆகிறது, இந்தத் துறையின் போக்கே அதற்குப் பிறகு மாறியது. பார்ப்பதற்குக் கூழாங்கல் மாதிரி இருக்கும், தெரியாதவர் தூக்கி எறிந்துவிடுவார். நீங்கள் அங்கேயே விட்டுவந்த துண்டுகளில் அது இருக்கலாம், அதனால் குழியிலிருந்து வெளியே போட்ட மண்ணையும் அப்படியே ஓரமாகக் குவித்து வையுங்கள். பற்களில் வேரைச் சுற்றியுள்ள படலம் அடுத்த நல்ல இடம். வேர் உடையாமல் இருந்தால் அதில் கை வைக்காதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். எலும்பு வெள்ளையாகவோ சாம்பல் நீலமாகவோ, வெடித்து, சாக்பீஸ் மாதிரி இருக்கிறதா? அப்படியானால் எரித்துப் புதைத்தது. நீலகிரியின் பழைய கல்வட்டங்களில் 19ஆம் நூற்றாண்டில் தோண்டியவர்களுக்குக் கிடைத்ததும் எரிந்த எலும்புத் துண்டும் சாம்பலும்தான். நன்றாக எரிந்த எலும்பில் டிஎன்ஏ தேடுவது வீண் செலவு.

கழுவினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது கொஞ்சம் வலித்தது. தண்ணீர் உள்ளே இறங்குவது ஒரு கெடுதல், உங்கள் கையின் டிஎன்ஏ ஏறிக்கொள்வது இன்னொன்று. நான் படித்த காலத்தில் ஒரு பழைய பல்லை வைத்து மூன்று மாதம் பாடுபட்டேன், கடைசியில் அழகாக வந்த முடிவு என்னுடைய சொந்தத் தாய்வழி வகை. இதனால்தான் இந்த ஆய்வகங்களில் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு, ப்ளீச் போட்டுத் துடைத்து, இரவில் புற ஊதா விளக்கு எரியவிட்டு வேலை செய்கிறோம். அது பழசா புதுசா என்று எப்படித் தெரியும் என்றால், பழைய துணுக்குகளின் நுனியில் ஒரு குறிப்பிட்ட சேதம் இருக்கும். சைட்டோசின் என்ற எழுத்து காலப்போக்கில் யுராசிலாகச் சிதையும், கருவி அதைத் தைமின் என்று படிக்கும். இந்தப் பிழை நுனிகளில் குவிந்திருந்தால் பழையது. பிழையில்லாமல் பளிச்சென்று நீளமாக வந்தால் அது நானோ நீங்களோதான். பல்லையும் பானையையும் தொட்டவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள், பின்னால் கலப்படத்தைப் பிரித்துப் பார்க்க உதவும். பாலிதீன் பையை இன்றே பிரித்து, நிழலில் ஆறவிட்டு, சுத்தமான காகித உறையில் போட்டு வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் ஃபிரிட்ஜில் வியர்த்து வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள்.

இனி, எங்கள் முன்னோரா என்பது. டிஎன்ஏ கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் நீங்கள் எதிர்பார்க்கும் பதில் வராது. உங்களுக்குப் பத்துத் தலைமுறைக்கு முன் 1,024 முன்னோர், முப்பது தலைமுறைக்கு முன் கணக்குப்படி 107 கோடி. அந்தக் காலத்தில் இந்த மண்ணில் அத்தனை பேர் இல்லை, ஒரே ஆள் பல வழிகளில் உங்களுக்குப் பாட்டனாகிறார். உங்கள் கல்லறை 2,500 ஆண்டுப் பழசு என்று வைத்துக்கொண்டால் நூறு தலைமுறை. அந்தக் குழியில் இருப்பவருக்கு வம்சம் தொடர்ந்திருந்தால் அவர் உங்களுக்கும், கீழே வத்தலக்குண்டில் இருப்பவருக்கும், எனக்கும் சேர்த்தே முன்னோராக இருக்க வாய்ப்பு. தாய்வழி டிஎன்ஏ ஒத்துப்போனால் போதாதா என்பார் மருமகன். இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எம் என்ற ஒரே பெரிய தாய்வழிக் கிளையில் வருகிறார்கள், அது ஒத்துப்போவதும் இருவருக்கும் ஒரே மொழி பேசத் தெரியும் என்பதும் ஒன்றுதான். சாதிப் பெயரோ குலப் பெயரோ எந்த டிஎன்ஏவிலும் எழுதியிருக்காது, அதைச் சொல்கிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். கீழடி பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த மண்டையோட்டை வைத்து முகம் வரைந்து படம் வந்ததே, அதைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். அதன் அடிப்படை டிஎன்ஏ இல்லை, மண்டையோட்டின் வடிவம், லிவர்பூல் ஆய்வகத்தில் செய்தது.

கூட்டமாகப் பார்த்தால் டிஎன்ஏ நிறையச் சொல்லும். உத்தராகண்டில் 5,000 மீட்டர் உயரத்தில் ரூப்குண்ட் ஏரி, கரையெல்லாம் எலும்பு. ஒரே புயலில் செத்த ஒரே கூட்டம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2019இல் 38 பேருடைய டிஎன்ஏவைப் பார்த்தால், 14 பேர் கிழக்கு மத்தியதரைக்கடல் பக்கத்து ஆட்கள், அவர்கள் செத்தது சுமார் 1800 வாக்கில், அங்கே கிடந்த இந்தியர்கள் இறந்து ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்து. யாரும் கனவிலும் நினைக்காத பதில்.

உங்கள் குழி விஷயத்தில் என் கண் பல்லைவிடப் பானை மேல்தான். பழனி மலை அடிவாரத்தில் பொருந்தல் என்ற ஊர், பேராசிரியர் கா. ராஜன் குழு அகழ்ந்த இடம். அங்கே ஒரு கல்லறையில் நான்கு கால் சாடியில் இரண்டு கிலோ அளவுக்கு நெல் கிடைத்தது. அந்த நெல்லைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பித்தான் கி.மு. 490 என்ற காலம் வந்தது. உங்கள் பானையிலும் நெல்லோ கரியோ இருக்கலாம், அதனால் அதைக் கவிழ்க்காதீர்கள், கழுவவே கழுவாதீர்கள், உள்மண்ணோடு அப்படியே இருக்கட்டும். பல்லிலும் டிஎன்ஏ இல்லாமலே பார்க்க வழிகள் உண்டு. எனாமல் மண்ணுக்கு அவ்வளவு சீக்கிரம் அசையாது, அதிலுள்ள புரதத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லலாம், ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்பு விகிதத்தை வைத்துச் சிறுவயதில் இந்தப் பக்கம் வளர்ந்தவரா வெளியிலிருந்து வந்தவரா என்றும் ஊகிக்கலாம்.

தோட்டம் போய்விடுமா? போகாது. பொருள் கிடைத்த உடனே நிலம் அரசுடையது ஆகிவிடாது. நினைவுச்சின்னமாக அறிவிப்பதென்றாலும் முன்கூட்டி அறிவிக்கை கொடுத்து, ஆட்சேபம் சொல்ல அவகாசம் தந்த பிறகே செய்ய முடியும். ஆனால் மண்ணில் கிடைத்த மதிப்புள்ள பொருளைப் பற்றித் தகவல் கொடுப்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி உங்கள் கடமை, மறைத்தால்தான் சிக்கல். வி.ஏ.ஓ.விடம் எழுத்தில் கொடுத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்கும் ஒரு கடிதம் போடுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்புவதை அவர்கள் முடிவு செய்யட்டும். கொந்தகை எலும்புகளை ஆராயும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமே உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அவர்கள் வரும்வரை பலகைக்கல்லைப் பழையபடி வைத்து, எடுத்த மண்ணில் கொஞ்சம் போட்டு மூடி, மேலே தார்ப்பாய் கட்டி, தண்ணீர் ஒதுங்கிப்போக ஒரு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். ஸ்பிரிங்ளர் அந்தப் பக்கம் வேண்டாம். பட்டர் ஃப்ரூட்டை நாலடி தள்ளி வைத்தாலும் காய்க்கும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், விளக்குத் தாராளமாக ஏற்றலாம், கல்லுக்குப் பத்தடி தள்ளி. பால், மஞ்சள், குங்குமம் மட்டும் குழிக்குள் வேண்டாம், பூ போடுவதாக இருந்தால் தார்ப்பாய்க்கு மேலே போடட்டும்.