சுரங்கம் கொழித்தும் மேற்கு ஆஸ்திரேலியா ஏன் கடனாளியானது?

"சுரங்கத் தொழில் கொழிக்கும் மாநிலத்தில் அரசும் மக்களும் பணக்காரர்கள் ஆகிவிடுவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2010 முதல் 2016 வரை மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகர் பெர்த்தில் குடியிருந்து, வடக்கே பில்பரா என்ற சுரங்கப் பகுதிக்கு இரும்புத்தாது வேலைக்குப் போய்வந்தவன் நான். ஆட்கள் பணம் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். மாநில அரசு மட்டும் எங்கள் கண்முன்னே கடனாளியானது.

எட்டு நாள் வேலை, ஆறு நாள் வீடு, இதுதான் என் ரோஸ்டர். விடிகாலை ஐந்து மணிக்குப் பெர்த் விமான நிலையத்தில் பாதிப் பேர் ஆரஞ்சுச் சட்டையோடு காபிக்கு வரிசையில் நிற்பார்கள். இரண்டு மணி நேரத்தில் பில்பராவின் துறைமுக ஊரான போர்ட் ஹெட்லாண்ட். கேம்ப்பில் 'டோங்கா' என்ற தகரப் பெட்டி அறை: ஒரு கட்டில், ஒரு ஏசி, குட்டி ஃப்ரிட்ஜ். சாக்ஸில் ஏறிய செம்மண் தூசி எத்தனை முறை துவைத்தாலும் போகாது. சாப்பாடும் கேம்ப்பிலேயே என்பதால் அந்த ஊர்க் கடைகளில் நான் பணத்தை எடுத்ததே அபூர்வம். சம்பளம் என்னோடு விமானம் ஏறிப் பெர்த்துக்கு வந்துவிடும்.

ஊர்க்காரர்களுக்கு மிஞ்சியது வாடகை. 2012 வாக்கில் சாதாரண மூன்று அறை வீட்டுக்கே வாரம் 2,000 டாலருக்கு மேல் கேட்டார்கள். கம்பெனி கட்டினால் யாருக்கும் வலிக்காது. ஆனால் நான் முடிவெட்டப் போன கடையில் வேலை செய்த பெண் ஒரு நாள் காணவில்லை. தங்க இடம் கிடைக்காமல் ஊரைவிட்டே போய்விட்டாராம். அப்புறம் கேம்ப்பில் ஒரு வெல்டர்தான் எங்களுக்கு நாவிதர்.

சரி, அரசுக்கு வருவோம். அங்கே நிலத்தடிக் கனிமம் பெரும்பாலும் மாநிலத்தின் சொத்து. அதனால் தோண்டி எடுப்பதற்குக் கம்பெனி கட்டும் ராயல்டி மாநிலத்துக்கு, கம்பெனி வருமான வரி மத்திய அரசுக்கு. 2010 மே மாதம் பிரதமர் கெவின் ரட், சுரங்கங்களின் அதிக லாபத்துக்கு 40 சதவீத வரி என்று அறிவித்தார். சுரங்க முதலாளிகள் டிவி விளம்பரத்திலேயே போர் தொடுத்தார்கள். ஜூனில் அவருடைய கட்சியே அவரை இறக்கிவிட்டது (அதற்கு வேறு காரணங்களும் உண்டு). பின்வந்த ஜூலியா கில்லார்ட் அதை இரும்புத்தாதுக்கும் நிலக்கரிக்கும் மட்டும் என்று சுருக்கி, 30 சதவீதமாக்கி, 2012 ஜூலையில் கொண்டுவந்தார். இதில் ஒரு வேடிக்கை. மாநிலத்துக்குக் கட்டும் ராயல்டியை இந்த வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று விதி. விடுவார்களா? மேற்கு ஆஸ்திரேலியா ராயல்டியை உயர்த்தியது. அந்தச் சுமை மத்திய அரசின் தலையில். எதிர்பார்த்த பணம் வராமலே 2014-இல் அந்த வரி ரத்தானது.

மாநிலத்தில் அப்போது முதல்வர் காலின் பார்னெட்டின் ஆட்சி. ராயல்டியில் கால்வாசி நாட்டுப்புறத்துக்கு என்று நேஷனல் கட்சிக்குக் கொடுத்த வாக்கின்மேல் 2008-இல் அமைந்தது. போர்ட் ஹெட்லாண்டை 50,000 பேர் வாழும் நகரமாக்குவோம் என்று திட்டம் போட்டார்கள். பெர்த்தில் நதிக்கரையைத் தோண்டி எலிசபெத் கீ என்ற படகுத்துறை வளாகம், புதிய ஸ்டேடியம், பெரிய ஆஸ்பத்திரி. எதுவும் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊரில் கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் சுரங்கத்துக்குப் போய்விட்ட நேரத்தில் அரசும் போட்டிக்குக் கட்டினால் கூலி என்ன ஆகும்? சுரங்கத்துக்கு ஆள் போகாமல் தடுக்க அரசு ஊழியர் சம்பளத்தையும் ஏற்றினார்கள்.

கழுத்தைப் பிடித்தது ஜிஎஸ்டி. அதை மத்திய அரசு வசூலித்து மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். சொந்த வருமானம் அதிகமுள்ள மாநிலத்துக்குப் பங்கு குறையும். (தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தப் புலம்பல் பழக்கமானதுதான்.) கணக்குப் பார்ப்பது கடந்த மூன்று வருடச் சராசரியை வைத்து. அதாவது நல்ல காலத்தின் வெட்டு, கெட்ட காலத்தில் வந்து விழும். 2011 தொடக்கத்தில் டன் 180 டாலரைத் தாண்டிய தாது, 2015 டிசம்பரில் 40-க்குக் கீழே. ஆனால் 2015-16-க்கான ஜிஎஸ்டி பங்கு பழைய செழிப்பைப் பார்த்துப் போட்டது. மக்கள்தொகைப்படி பிரித்திருந்தால் ஒரு டாலர் வரவேண்டிய இடத்தில் 30 சென்ட் வந்தது. அநியாயம் என்று பெர்த்தில் எல்லாரும் கத்தினார்கள். எனக்கு அனுதாபம் பாதிதான். இந்த வாய்ப்பாடு ரகசியம் இல்லை. வருமானம் உயர்ந்த அன்றே பிற்பாடு வெட்டு விழும் என்று தெரியும். எடுத்து வைக்காமல் செலவழித்தார்கள். 2008-இல் 400 கோடி டாலருக்குள் இருந்த மாநிலத்தின் நிகரக் கடன், 2017-இல் ஆட்சி மாறியபோது 3,000 கோடியைத் தாண்டியிருந்தது.

2018-இல் கான்பெராவில் சட்டம் போட்டு, பங்கு 70 சென்டுக்குக் கீழே போகாது, பிறகு 75 என்று குறைந்தபட்ச வரம்பு வைத்தார்கள். அதற்குள் தாது விலை மறுபடி ஏறி மேற்கு ஆஸ்திரேலியா உபரி பட்ஜெட் போட ஆரம்பித்துவிட்டது. இப்போது அநியாயம் என்று கத்துவது மற்ற மாநிலங்கள்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் 2012-இல் கடன் வாங்கி சவுத் ஹெட்லாண்டில் 9 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினார். கம்பெனி வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று கணக்கு. கட்டுமான வேலை முடிந்து, தாது ஏற்றும் வேலைக்குக் குறைந்த ஆட்களே போதும் என்றானபோது கம்பெனி வீட்டைக் காலி செய்தது. 2016-இல் இரண்டரை லட்சத்துக்கு விற்றார். வங்கிக்கு மீதியை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார், ஊபர் ஓட்டி.