அரசியலையும் ஊர்ப் பிரச்சினைகளையும் தொகுத்துச் சொல்பவர்களில் யாரை நம்பிப் பின்தொடர்வது? எப்படித் தேர்ந்தெடுப்பது?

"எல்லாச் செய்தியும் படிக்க நேரமில்லை, ஒவ்வொரு துறைக்கும் தொகுத்துத் தருகிற ஒருவரைப் பின்தொடரலாம் என்று பார்க்கிறேன். யாரை, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இந்தக் கேள்விக்கான பதில் 2024 நவம்பரில்தான் கிடைத்தது.

என் சொந்த ஊர் மேலூர்ப் பக்கம். பெரியாற்றுத் தண்ணீரில் ஒருபோகம் விளைகிற பூமி. வேலைக்காக மதுரை நகருக்குள் வந்து பல வருடம் ஆகிறது. தினமும் இரண்டு நாளிதழ் படிப்பேன், இரவில் டிவி விவாதமும் பார்ப்பேன். நவம்பர் 7ஆம் தேதி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவை மத்திய அரசு அறிவித்தது. அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி என்று நான் சிறு வயதில் சைக்கிளில் சுற்றிய ஊர்களைச் சேர்த்து 2,015 ஹெக்டேர். அடுத்த சில நாளில் சித்தப்பா போன் செய்தார். "ஏம்ப்பா, வீட்டுல பேப்பர் படிக்கிறவன் நீ ஒருத்தன்தான். இது உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு பழைய ஆவணங்களைத் தேடிப் பார்த்தேன். இந்த விஷயம் திடீரென்று வந்ததே இல்லை. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சுரங்கச் சட்டத்தில் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. டங்ஸ்டன் உட்பட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மாநிலங்களிடமிருந்து மத்திய அரசின் கைக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஆட்சேபம் தெரிவித்துக் கடிதம் எழுதியது. 2024 பிப்ரவரியில் ஏலம் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் பொதுவெளியில் இருந்த தகவல். நான் படித்த நாளிதழ்களில்கூட எங்கோ ஒரு பத்தியாக வந்திருக்கலாம். ஆனால் டெல்லியில் நிறைவேறிய அந்தத் திருத்தத்தையும் எங்கள் ஊர்ப் பாறையையும் இணைத்து எனக்குச் சொல்ல ஆள் இல்லை. பொதுச் செய்தி படிப்பவனுக்கு இது தனித்தனிச் சம்பவம். சுரங்கத்தை மட்டுமே கவனிக்கிற ஒருவருக்கு இது ஒரே கோடு.

ஆகவே நான் முதலில் பார்ப்பது, அவர் எவ்வளவு குறுகிய விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை. "அரசியல்" என்று மொத்தமாக எடுத்துக்கொண்டு தினம் முப்பது பதிவு போடுகிறவர் எனக்கு வேண்டாம். கனிமம், நீர்நிலை, தொழிலாளர் சட்டம், உள்ளாட்சி நிதி என்று ஏதோ ஒன்றில் வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பவர் வேண்டும். அவர் வாரம் ஒருமுறை எழுதினாலே போதும்.

இரண்டாவது, ஆவணம். எந்த அரசாணை, எந்த மசோதா, எந்தத் தீர்ப்பு என்று எண்ணும் தேதியும் சொல்லி, மூல ஆவணத்தின் இணைப்பையும் தருகிறாரா? தருபவர் தவறு செய்தாலும் நாம் கண்டுபிடித்துவிடலாம். கொடுக்காதவர் சரியாகச் சொன்னாலும் அதைச் சோதிக்க வழியில்லை.

மூன்றாவதாக, எல்லோரும் ஒரு பக்கம் பார்க்கும்போது அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார். 2023 ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாடு சட்டப்பேரவையில் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது ஞாபகம் இருக்கும், 12 மணி நேர வேலை என்று கொதித்தோமே, அதுதான். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அதே ஏப்ரல் 21ஆம் தேதி, அதே பேரவையில் நில ஒருங்கிணைப்புச் சட்ட மசோதாவும் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்காக, ஏரி, ஓடை உள்ள நிலங்களையும் சேர்த்துக் கையாள வழி செய்கிற சட்டம். ஏரிப் பாசனத்தை நம்பி இருக்கிற ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! அன்றைக்கு அதைப் பற்றி நான் ஒரு விவாதம்கூடப் பார்க்கவில்லை. பூவுலகின் நண்பர்கள் போன்ற சூழல் அமைப்புகளும் விவசாயச் சங்கங்களும்தான் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆகஸ்டில் ஆளுநர் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. அந்த ஏப்ரல் வாரத்தில் ஒருவர் எழுதிய பதிவுகளை இப்போது பின்னோக்கிப் போய்ப் படித்துப் பாருங்கள். இரண்டாவது மசோதாவைக் கவனித்தவரா என்று தெரிந்துவிடும். நான் இப்போது பின்தொடரும் மூன்று பேரில் இருவரை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

நாலாவது கொஞ்சம் கசப்பானது. டங்ஸ்டன் விஷயத்தில் நான் முழுக்க எங்கள் ஊர்ப் பக்கம். அதில் மாற்றமே இல்லை. ஆனால் நான் பின்தொடர்கிற வழக்கறிஞர் ஒருவர், மத்திய அரசு சொன்னதையும் அப்படியே எடுத்துப் போட்டார்: பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது உயிரின வளத்துக்காகக் காக்க வேண்டிய இடமாக, 2022இல் அறிவிக்கப்பட்ட பகுதி அந்த 2,015 ஹெக்டேரில் 193 ஹெக்டேர்தான், பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை ஏலத்துக்கு மாநில அரசு எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்பது அவர்கள் வாதம். கூடவே மாநில அரசின் 2023 அக்டோபர்க் கடிதத்தையும் வைத்தார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, நம் ஆள் எதற்கு அவர்கள் வாதத்தைப் பரப்புகிறார் என்று. பிறகு ஊரில் பேசும்போது யாராவது "193 ஹெக்டேர்தானே" என்று ஆரம்பித்தால் எனக்குப் பதில் தயாராக இருந்தது. பாரம்பரியத் தலம் என்ற பலகைக்கு வெளியேயும் கண்மாய் இருக்கிறது, வயல் இருக்கிறது, வீடு இருக்கிறது. எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்றே தெரியாமல் போயிருந்தால் அங்கே வாயடைத்து நின்றிருப்பேன். 2025 ஜனவரி 23ஆம் தேதி அந்த ஏலம் ரத்தானது. அன்றும் அவர் கொண்டாட்டப் படம் எதுவும் போடவில்லை, ரத்து அறிவிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் போட்டார். இப்படிப்பட்டவரைத்தான் நான் நம்புகிறேன்.

ஒருவரைச் சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, நீங்கள் நேரில் இருந்த ஒரு நிகழ்வை அவர் எப்படிச் சொல்கிறார் என்று பார்ப்பது. 2024 நவம்பர் 1இல் நடக்க வேண்டிய கிராம சபை நவம்பர் 23க்குத் தள்ளிப்போனது. நான் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். டங்ஸ்டன் வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம். மறுநாள் நாலைந்து பேர் எழுதியதை வரிசையாக வைத்துப் படித்தேன். ஒருவர் நடக்காத ஒரு தள்ளுமுள்ளை எழுதியிருந்தார். இன்னொருவர் ஊர் பெயரையே மாற்றிவிட்டார். ஒருவர் மட்டும் தீர்மான வாசகத்தைப் படமாகப் போட்டு, கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு, யாருக்கு அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அன்றோடு மற்றவர்களை விட்டுவிட்டேன்.

வதந்திக்குத் தனியாக ஓர் ஆள் வேண்டும். 2023 மார்ச், ஹோலிக்கு முந்தைய நாட்களில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. திருப்பூரில் பின்னலாடை வேலை செய்கிற என் தம்பியின் கம்பெனியில், பயந்துபோன பையன்கள் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டினார்கள். ஒரு வீடியோ திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் சண்டை என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். ஆல்ட் நியூஸ், யூடர்ன் மாதிரி சரிபார்க்கிற தளங்களும் எழுதின. தம்பி தமிழில் வந்த விளக்கங்களைப் போனில் காட்டியும் சில பையன்கள் நம்பவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது இந்தியில் வந்தவை, தம்பி காட்டியது தமிழில். பயப்படுகிறவனின் மொழியில் பதில் போக வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காகவும் தேடுகிறீர்கள் என்றால் தமிழில் தருபவரையே தேர்ந்தெடுங்கள்.

அமைப்புகளில் நான் பார்ப்பவை: மசோதா என்றால் பிஆர்எஸ் என்கிற சட்ட ஆய்வு அமைப்பு, 2005லிருந்து செய்கிறார்கள், ஒவ்வொரு மசோதாவுக்கும் சுருக்கம் கிடைக்கும். நான் தவறவிட்ட அந்தச் சுரங்கத் திருத்தத்துக்கும் அவர்கள் சுருக்கம் எழுதியிருந்தார்கள் என்பதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன். தேர்தல் வந்தால் ஏடிஆர் என்கிற தேர்தல் சீர்திருத்த அமைப்பு நடத்தும் மைநேதா தளம், வேட்பாளரின் சொத்தும் வழக்கும் அவர் கொடுத்த பிரமாணப் பத்திரத்திலிருந்தே இருக்கும். கிராமத்து வாழ்க்கைக்குப் பத்திரிகையாளர் சாய்நாத் தொடங்கிய பாரி இணையதளம், தமிழிலும் வருகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். சந்தாவா, நன்கொடையா, கட்சியா என்று வெளிப்படையாகச் சொல்பவர் எந்தச் சார்புடையவராக இருந்தாலும் எனக்குச் சரி.

அப்புறம், ஊராட்சி அளவுச் செய்திக்கு வெளியே ஆள் தேடாதீர்கள், கிடைக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற விஏஓ ஒருவர் இருக்கிறார், எனக்கு மாமா முறை. டங்ஸ்டனுக்குப் பிறகு அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தோம். வாரம் இரண்டு முறை ஊராட்சி அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் போய், பலகையில் ஒட்டியிருக்கிற ஒவ்வோர் அறிவிப்பையும் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். கீழே இரண்டு வரியில் எந்த சர்வே எண், கடைசித் தேதி என்ன என்று எழுதுவார். வேறு எதுவும் எழுத மாட்டார். சுற்றுச்சூழல் கருத்துக்கேட்பு என்றால் 30 நாள்தான் அவகாசம், அதற்குள் தெரிய வேண்டுமே. போன மாதம் கண்மாய் மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏல அறிவிப்பு அவர் மூலமாகத்தான் தெரிந்தது. சித்தப்பாதான் முதலில் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.